அறிக்கையில் இல்லாதது

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே கைத்தொலைபேசியில் தேடுவீர்கள், படம் வந்துவிடும்: கறுப்புக் கோட்டு, கழுத்தில் பச்சைத் துணி, பின்னால் ஏதோ ஒரு வெற்றிக் கிண்ணம். ஆபிரிக்க உதைபந்தாட்டத்தில் இன்று பெரிய கதிரை ஒன்றில் இருக்கிறார். அவருடைய நாட்டுச் சங்கத்துக்கு அவர்தான் முதல் பெண் தலைவர். நாட்டின் பெயரையும் விடுங்கள், காரணம் போகப்போகத் தெரியும். நான் அறிந்தது மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், மடக்குக் கதிரையில் இருந்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனுசியை. அவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

மொன்றியலில் குடியேறிகளின் கழகங்கள் எட்டுச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை லீக் நடத்தின. தமிழர் கழகத்துக்கு நான் பிரதிநிதி. எனக்குப் பந்தும் தெரியாது, பிரெஞ்சும் அரைகுறை. பெட்டித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்துவிட்டுப் பின்னேரங்களில் சும்மா இருந்தேன், பிடித்து அனுப்பிவிட்டார்கள். எட்டுப் பேரும் ஆம்பிளைகள், எட்டுப் பேருக்கும் தொண்டை பெரிது. போன கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம் என்று கேட்டால் எட்டுப் பதில் வரும். இரண்டு மணித்தியாலம் கத்திவிட்டு வெளியே வரும்போது யார் யாரை அவமதித்தார் என்பது மட்டும்தான் நினைவிருக்கும்.

அந்த மனுசி, நான் மதாம் என்று கூப்பிட்டவர், அங்கே வந்தது தற்செயல். அவருடைய மருமகனின் கழகம், மருமகனுக்கு வேலை என்பதால் ஒரு நாள் இவரை அனுப்பியது. முதல் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேட்டார். இரண்டாம் கூட்டத்தில், இனிமேல் யாராவது கூட்ட அறிக்கை எழுதவேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அவரவர் சப்பாத்தைப் பார்த்தோம்.

"நான் எழுதுறன்" என்றார். மருமகன் பிரதிநிதியாகத் திரும்பி வந்த பிறகும் எழுதுகிற கதிரை இவருக்கே.

அவர் பேசியது பிரெஞ்சு. என் காதில் விழுந்தபடி யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது, இனி வரவைக்க வயதும் இல்லை. என்னை அவர் தன் மொழி வழக்கப்படி 'சகோதரம்' என்று கூப்பிடுவார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொன்னபோது சந்தோஷப்பட்டார். நான் கடைசிவரை மதாம் என்றே சொன்னேன்.

கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி நேரே கூட்டத்துக்கு வருவார். மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீங்கிய கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்வார். மேசைக்கு மேலே கறுப்பு மட்டைப் புத்தகம், இரண்டு பேனை, அடிமட்டம். நாங்கள் கத்துவோம். கனநேரத்துக்கு ஒருக்கால் அவர் ஒரு வரி எழுதுவார். கடைசியில் எழுந்து நின்று செய்தி வாசிக்கிறவரின் குரலில் வாசிப்பார். எங்கள் இரண்டு மணித்தியாலமும் பன்னிரண்டு வரியில் வந்திருக்கும். ஒருவர் மேசையில் குத்தி, தாயைத் தகப்பனை இழுத்துக் கத்தியதை 'மைதானம் ஒதுக்கப்பட்ட விதம் குறித்துத் தமது கவலையைத் தெரிவித்தார்' என்று எழுதியிருப்பார். கத்தினவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். கவலையைத்தானே தெரிவித்தார், அதில் பொய் எங்கே?

அதுதான் மதாம். பொய் எழுதமாட்டார். ஒரு சொல்கூட. எதை எழுதுவது, எதை விடுவது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது.

"அறிக்கையில இல்லாதது நடக்கேல்லை, சகோதரம்" என்பார் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது. ஊரில் உதைபந்தாட்டச் சங்கத்தின் அலுவலகத்தில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து பல வருடம் கூட்டங்களில் எழுதினவர். "அங்க எத்தினை தலைவர்மார் வந்தவை, போனவை. கத்துறவனை வெளியில அனுப்பலாம். எழுதுறவளை அனுப்பினால் பேந்து ஆர் எழுதுறது?"

"நீங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லையே, மதாம். உள்ளுக்க இருந்தும் கதைக்காட்டி என்ன பிரயோசனம்?"

"முதல்ல உள்ளுக்க இருக்கவேணும். மிச்சம் பேந்து."

சும்மா சொல்லக்கூடாது, பிறகு என்று அவர் தள்ளிவைத்த அந்தப் 'பேந்து' ஒரு முறை வந்ததை நான் கண்ணால் கண்டேன். ஒரு ஒக்டோபர் மாத அறிக்கையின் அடியில், 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பின் கீழ், 'அடுத்த பருவத்தில் பெண்கள் பிரிவு தொடங்குவதற்குச் சபையில் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தது. வாசித்தபோது எங்களுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். மார்ச்சில் அந்த வரியை எடுத்து வாசித்துவிட்டு, "ஆகவே அட்டவணை" என்று ஒரு தாளை மேசையில் வைத்தார்.

ஒருவர் துள்ளி எழும்பினார். "இதைப் பற்றி ஆரும் கதைக்கவே இல்லையே!"

"ஓம், கதைக்கேல்லை. ஆராவது ஆட்சேபிச்சவையோ?"

"கதைச்சால்தானே ஆட்சேபிக்கலாம்?"

"அப்ப ஆட்சேபிக்கேல்லை. அதைத்தான் எழுதியிருக்கு. கீழ உம்மட கையெழுத்து."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் ஆறு பெண்கள் அணி விளையாடியது. எங்கள் தமிழ்ப் பெட்டைகளும் ஓர் அணி. தாய்மார் கோட்டுக்கு வெளியே நின்று "ஓடடி, ஓடடி" என்று கத்தியதைப் பார்க்கவேண்டுமே. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உவ எங்கட ஊரில பிறந்திருந்தால் எங்கயோ போயிருப்பா" என்றேன்.

"பிறந்திருந்தால் உங்களைப் போல ஆக்கள் விட்டிருப்பியளோ?" என்றாள். அவளுக்கு என்னைப் புகழ்ந்து பழக்கமில்லை.

அடுத்த வருடம் லவாலில் நடந்த இறுதிப் போட்டியில் எங்கள் பெடியன் ஒருவன், விசில் அடித்து ஆட்டம் முடிந்த பிறகு, எதிரணிப் பெடியனின் தாடையை உடைத்துவிட்டான். அடித்தவன் என் மனைவியின் தம்பி. எல்லோருக்கும் முன்னால், கை ஓங்கி. லீக்கின் விதிப்படி அவனுக்கு வாழ்நாள் தடை, எங்கள் கழகம் இரண்டு வருடத்துக்கு வெளியே. அறிக்கையில் போனால்தான் அதெல்லாம். மனைவி அழுதாள். நான் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு மதாமைப் பஸ் தரிப்பிடத்தில் பிடித்தேன்.

"நான் பொய் எழுதமாட்டன், சகோதரம்."

"பொய் வேண்டாம், மதாம். குறைச்சு எழுதுங்கோ."

இது என் வாயால் வந்த வசனம். பின்னால் நடந்ததற்கெல்லாம் அவரைக் குற்றம் சொல்ல வாய் திறக்கும்போது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

'ஆட்டத்தின் முடிவில் எதிரணி வீரர் ஒருவருக்குத் தாடையில் காயம் ஏற்பட்டிருந்தது. அவர் விரைவில் குணமடையச் சபை விரும்புகிறது.' இவ்வளவுதான் எழுதினார். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெடியனின் தகப்பன் வந்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்ர பிள்ளைக்கு அடிச்சவன் ஆர் எண்டு எழுதுங்கோ, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். லீக் தலைவர் மதாமைப் பார்த்தார். மதாம் புத்தகத்தை விரித்து அந்த இரண்டு வரியையும் வாசித்து, "அடிச்சதெண்டு அறிக்கையில இல்லை" என்றார். தகப்பன் எங்கள் எட்டுப் பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் கூரையில் போன தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய மகன் அதற்குப் பிறகு விளையாடவில்லை என்று கேள்வி.

மதாமுக்கு நன்றி சொன்னேன்.

"சொல்லாதையும். நான் உமக்காகச் செய்யேல்லை. உங்கட கழகத்தை நிப்பாட்டினால் உங்கட பெட்டையளும் வரமாட்டினம். ஆறு அணி அஞ்சாகும். அஞ்சை வச்சு நான் என்ன லீக் நடத்துறது?"

அப்போது எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய நாட்டுச் சங்கத்தின் நிர்வாக சபையில் ஒரு இடம் பெண்ணுக்குக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று புதிதாக விதி வந்ததாம். அந்தச் சபையில் இருந்தவர்கள் வாய் பேசாத ஒரு பெண்ணாகத் தேடியிருக்கிறார்கள். மூலையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த பழைய தட்டச்சுக்காரி ஞாபகத்துக்கு வந்திருக்கிறார். போகிற நாளில் இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சத்தம்போட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். போகும்போது லீக்கின் அறிக்கைப் புத்தகத்தை என் கையில் தந்து, இனி நீர் எழுதும் என்றார். என் பிரெஞ்சில்! அல்ஜீரியக் கழகத்துக்காரர் ஒருவர் திருத்தித் தருவார், எப்படியோ ஓடியது.

பிறகு நடந்ததெல்லாம் அவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திகளில் வந்தது. அந்தச் சபையிலும் அறிக்கை எழுதியது அவர்தான். சபைக்குள் இரண்டு கட்சி. பழைய தலைவர் விலகினார். ஒரு கட்சியின் ஆளை மற்றக் கட்சி ஏற்கவில்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் இவ இருக்கட்டும் என்று மதாமைத் தலைவர் கதிரையில் இருத்தினார்கள். இருத்தினவர்களில் யார் யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய புத்தகத்தில் பல வருடத்துக்கு இருந்தது. ஆறு மாதம் முடிய, தேர்தலில் நின்று வென்றார். எங்கள் லீக்கில் கேக் வெட்டினோம். நான் தமிழில் இரண்டு வார்த்தை பேசினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவரானதும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? நாட்டில் இருந்த மைதானங்களில் பெட்டைகள் உடுப்பு மாற்றும் அறைகளுக்குப் புதுக் கதவு போட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பித்தார். படம் அனுப்பியிருந்தார், ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும். எனக்கு அதன் அர்த்தம் அன்றைக்குப் பிடிபடவில்லை. நல்ல கதவு என்று பதில் போட்டேன்.

மரியாம் வந்தது அதற்கு அடுத்த பனிக்காலத்தில். மதாமின் நாட்டுப் பிள்ளை. அகதி வழக்குப் போட்டுவிட்டு லாசாலில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்துகொண்டு, எங்கள் பெண்கள் பிரிவில் கோல் காக்க வந்தாள். நல்ல உயரம். இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றால் பின்னால் இருக்கிற வலை தெரியாது. அதிகம் பேசமாட்டாள். லீக்கில் எழுதுகிற ஆள் நான் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றாள். என்னைத் 'தொன்தோன்' என்று கூப்பிட்டாள். மாமா என்று அர்த்தம்.

அவளுடைய கதை இதுதான். பத்தொன்பது வயதில் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இருந்திருக்கிறாள். சங்கத்தின் பிராந்தியத் தலைவர் ஒருவர் அணிக்கு மேலாளராக வந்திருக்கிறார். முகாமில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அவளோடு இருந்த மற்றப் பெட்டைகள் பயந்து வாயை மூட, இவள் மட்டும் சங்கத்தின் கூட்டத்துக்குள் போய் ஏழு பேருக்கு முன்னால் நின்று அந்த ஆளின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை அணியில் அவள் இல்லை. அடுத்த மாதம் அவளுடைய தமையனை அந்த ஆளின் ஆட்கள் அடித்துக் காலை முறித்தார்கள். அதற்குப் பிறகு ஓடி வந்தவள்தான்.

"இஞ்ச என்ர வழக்கில கேக்கினம், தொன்தோன். நீ முறைப்பாடு செய்ததுக்கு என்ன அத்தாட்சி எண்டு. அண்டைக்கு அந்த அறையில ஒரு பொம்பிளை இருந்து எழுதிக்கொண்டிருந்தவ. அவ இப்ப தலைவர். உங்களுக்கு அவவைத் தெரியுமாம்."

மடையன் நான், நெஞ்சை நிமிர்த்தினேன். "தெரியுமோவா? பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை. கடிதம் நான் எடுத்துத் தாறன்."

எங்கள் ஆட்களுக்கு வழக்கு என்றால் கடிதம். என் அகதி வழக்கை வென்று தந்ததே ஒரு கடிதம்தான். இலங்கை ஆமி என்னைப் பிடித்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டதாக எங்கள் பங்குத் தந்தை எழுதி, கையெழுத்து வைத்து, கோயில் முத்திரை குத்தி அனுப்பினார். அப்படி எழுதினதால் அவருக்கு வந்த வில்லங்கம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனபடியால் பெயர் அச்சடித்த தலைத்தாளும் முத்திரையும் உள்ள கடிதத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடும்.

மதாமுக்கு எடுத்தேன். மரியாமின் பெயரைச் சொன்னேன்.

"ஞாபகம் இருக்கு" என்றார். "மஞ்சள் சேட்டு போட்டுக்கொண்டு வந்தவ. ஏழு பேரைக் கண்டும் குரல் நடுங்கேல்லை."

"அதை எழுதித் தாங்கோ, மதாம். அது போதும்."

"அண்டைய அறிக்கையில அது இல்லை, சகோதரம்."

"ஏன் இல்லை?"

"எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்துக்கு நான் இருந்திருக்கமாட்டன். நான் இல்லாட்டி இண்டைக்கு ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. யோசிச்சுப் பாரும்."

"அந்த ஆள் இப்ப எங்க?"

"இஞ்சதான். நாலு பிராந்தியத்தின்ர வாக்கு அவரிட்ட. அவர் இல்லாமல் நான் வெண்டிருப்பன் எண்டு நினைக்கிறீரோ? வாற வருசம் ஆபிரிக்கக் கண்டச் சபைத் தேர்தல் இருக்கு. அது முடியட்டும். பேந்து அவரை நான் பாத்துக்கொள்ளுறன். பிள்ளையைப் பொறுத்திருக்கச் சொல்லும்."

"மதாம், வழக்கு வாற மாதம்."

"சரி, கடிதம் அனுப்புறன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. முரண்டு பிடிக்கிறார், ஆனால் நல்ல மனுசி, கடைசியில் செய்வார் என்று மனைவிக்குச் சொன்னேன். மனைவி கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

மரியாமின் வக்கீல் நோய் வருத்தத்தில் விழுந்து வழக்கை விட்டுவிட்டார், வேறு ஒருவரும் அகப்படவில்லை. பத்திரங்களை நானே அடுக்கினேன். எத்தனை தமிழருக்கு அடுக்கிக் கொடுத்த கை! கடிதம் என் விலாசத்துக்குக் கூரியரில் வந்து சேர்ந்தது, பத்திரம் கொடுக்கவேண்டிய கடைசி நாளில், மத்தியானம். பச்சையும் பொன்னும் கலந்த தலைத்தாள். வட்ட முத்திரை. அடியில் எனக்கு நல்லாய்ப் பழக்கமான அந்தச் சரிவில்லாத கையெழுத்து. முதல் பந்தியை வாசித்தேன்: இன்னார் மகள் மரியாம் எமது தேசிய இளையோர் அணியின் கோல் காப்பாளராக இருந்தவர், ஒழுக்கமும் துணிவும் உள்ளவர் என்று உறுதிப்படுத்துகிறேன். சிலுவை போட்டேன். மரியாமுக்கு எடுத்தேன். பண்டகசாலையில் வேலை முடியும்வரை தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், கிடைக்கவில்லை. பத்திரம் வாங்குகிற அலுவலகம் மூட இன்னும் இரண்டு மணித்தியாலம். கடிதத்தை உறைக்குள் வைத்து, மெத்ரோ பிடித்து ஓடி, கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பந்தியை நான் வாசிக்கவில்லை. அவசரம் என்று சொல்லலாம், பிரெஞ்சு தெரியாது என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், மதாம் எழுதினதை வாசித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அன்று பின்னேரம் மரியாம் ஓடி வந்தாள். "என்ன எழுதியிருக்கு, தொன்தோன்?"

"எல்லாம் நல்லா எழுதியிருக்கு" என்றேன். என் கையைப் பிடித்துக் கொண்டு அழுதாள்.

விசாரணைக்கு நானும் போய்ப் பின்னால் இருந்தேன். விசாரித்தவர் மரியாதையான ஒரு பெண். குரல் உயர்த்தாமல் கேட்டார். மரியாமும் நடுங்காமல் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் அந்தக் கடிதத்தை எடுத்து, இது நீங்கள் தந்த பத்திரம்தானே என்று கேட்டுவிட்டு, இரண்டாம் பந்தியை வாசித்தார்.

'எமது சங்கத்தின் அறிக்கைப் புத்தகங்கள் அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன. மேற்படி வீராங்கனை எந்தக் கூட்டத்திலும் எவருக்கும் எதிராக முறைப்பாடு செய்ததாகப் பதிவு எதுவும் இல்லை.'

மரியாம் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் தெரிந்துதான் கொடுத்தேனா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் திரும்பி, "அண்டைக்கு எழுதினதும் அவதான். இதை எழுதினதும் அவதான்" என்றாள். வேறு பத்திரம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை.

வழக்கு நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நான் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தேன். மதாம் தொலைபேசியில் எனக்குச் சொன்னதை, மஞ்சள் சேட்டு உட்பட, ஒரு சொல் விடாமல். சங்கத்தின் தலைவரே முத்திரை குத்தி இல்லை என்று சொன்ன பிறகு, பெட்டித் தொழிற்சாலைக்காரன் ஒருவன் தொலைபேசியில் கேட்டதற்கு என்ன பெறுமதி? அதுவும் விழுந்தது. அவளைத் திருப்பி அனுப்புவதற்கு நாள் குறித்தார்கள்.

மதாமுக்கு எடுத்து, என் வாழ்நாளில் ஒரு பொம்பிளையிடம் பேசாத பேச்செல்லாம் பேசினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிதத்தில ஒரு பொய் இருக்கோ, சகோதரம்?"

"இல்லை."

"இல்லைத்தானே. நீர் கேட்டீர், நான் எழுதினன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் கடிதம் போனது அந்த ஆளுக்குத் தெரிஞ்சால், நான் என்ன எழுதினனான் எண்டு இஞ்ச அவருக்கு நான் காட்டவேண்டி வரும். ரெண்டு பக்கத்தையும் பாத்துத்தான் எழுதினன்."

"அவளை அங்க அனுப்பப்போறாங்கள், மதாம். அந்த ஆள் இருக்கிற இடத்துக்கு."

"வரட்டும்" என்றார். "இஞ்ச நான் இருக்கிறன்."

அதில் இருந்த பரிவு நடிப்பில்லை. அதுதான் என்னை இன்றுவரை விடுகுதில்லை. அந்த மனுசி கெட்டவர் என்று எனக்கு யாராவது நிரூபித்துக் காட்டினால் நிம்மதியாக இருக்கும். ஆறு அணி பெட்டைகள் இன்றும் சனிக்கிழமைகளில் இங்கே ஓடுகிறார்கள். அங்கே எத்தனையோ கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. நான் அவரில் வைத்த மதிப்பு போகவில்லை, போகச் சொன்னாலும் போகுதில்லை. அதோடுதான் இந்த வெறுப்பும் கிடக்கிறது.

மரியாம் போன நாளில் விமான நிலையத்துக்குப் போனோம். என் மனைவி அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்து விடமாட்டேன் என்று நின்றாள். எனக்கு அவள் கை தந்தாள், அவ்வளவுதான். தொன்தோன் என்று கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. அவள் தந்துவிட்டுப் போன இலக்கம் வேலை செய்யவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு வெளிக்கிடும்போது, மதாமிடமிருந்து ஒரு படம் வந்தது. கண்டச் சபைத் தேர்தலில் அவர் வென்று இரண்டாம் கிழமை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: 'பாத்தீரோ சகோதரம், நான் அவவைக் கைவிடேல்லை. தேசிய பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்றுநர்.'

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஒரு மைதானம். நடுவில் மதாம், கறுப்புக் கோட்டு, பச்சைத் துணி. சுற்றிவர இருபது பெட்டைகள் புதுச் சீருடையில். மதாமுக்குப் பக்கத்தில் மரியாம், சங்கத்தின் சின்னம் போட்ட மேற்சட்டையோடு, எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக. அவளுக்கு மற்றப் பக்கத்தில் வெள்ளைச் சேட்டு போட்ட பருத்த ஒரு ஆள், கழுத்தில் மேலாளர் அட்டை, ஒரு கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு.

"ஆர் உவன்?" என்றாள் மனைவி.

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். மதாம் காமராவைப் பார்க்கிறார். பெட்டைகள் எல்லோரும் காமராவைப் பார்க்கிறார்கள். அந்த ஆளும் காமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மரியாம் மட்டும் தன் தோளில் இருக்கிற கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.